வாசகர் கேள்வி பதில்: மின்சாரத்துக்கு எந்த வேலி?

கேள்வி: அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். மின்துறையின் இணையப் பாதுகாப்பில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்ய ஆசை. தேடத் தேட நேர்க் சிப், ஐ.ஈ.சி. 62443, ஐ.எஸ்.ஓ. 27001, நிஸ்ட், நிஸ் 2 என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இதில் எது சிறந்தது?
- மாணவி, கிளிநொச்சி

பதில்: எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது தங்கச்சி. இவை ஒரே இனத்துச் சாமான்கள் இல்லை. ஒன்று சட்டம், ஒன்று தரம், இன்னொன்று வழிகாட்டி மட்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: இதை யாருக்காக எழுதினார்கள், செய்யாமல் விட்டால் யார் வந்து கேட்பார்கள்?

நேர்க் சிப்பை எடுங்கள். நேர்க் என்பது வட அமெரிக்க மின்கட்டமைப்புக்கு விதி எழுதுகிற அமைப்பு. 2003 ஓகஸ்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. அதற்குப் பிறகு 2005இல் சட்டம் வந்து, மின்கட்டமைப்புக்குக் கட்டாய விதிகள் வந்தன. அதில் இணையப் பாதுகாப்புக்கான பகுதிதான் சிப். விதிகள் மிகத் துல்லியமானவை. முக்கியமான கருவிகளின் மென்பொருளுக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று 35 நாளுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும், மீறினால் ஒரு நாளுக்கு 10 இலட்சம் டொலருக்கும் மேல் தண்டம் போகலாம். ஆனால் அது எழுதப்பட்டது பெரிய உற்பத்திக்கும் பெரிய லைன்களுக்கும், பொதுவாக 100 கிலோவோல்ட்டுக்கு மேலே. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகிற 132 கிலோவோல்ட் லைன் அங்கே இருந்திருந்தால் உள்ளே வந்திருக்கும். ஊருக்குள் கரண்ட் கொண்டுவருகிற 33 கிலோவோல்ட் லைன் பெரும்பாலும் வெளியே நின்றிருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரைனில் நடந்ததைப் பாருங்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் கண்முன்னே மவுஸ் தானாக நகர்ந்து, பிரேக்கர்களை ஒன்றொன்றாகத் திறந்து கரண்டைத் துண்டித்துவிட்டது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். தாக்கப்பட்டவை மூன்று விநியோகக் கம்பனிகள், அதாவது சிப் பெரும்பாலும் தொடாத அந்த அடித்தட்டு. வழி திறந்தது ஈமெயிலோடு வந்த ஒரு கோப்பு. சில மணித்தியாலத்தில் கரண்ட் திரும்பியதற்குக் காரணம், ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு உப மின் நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கர் போட்டார்கள். உங்கள் புரொஜெக்டில் இந்தக் கையால் போடுகிற வழிக்கு ஒரு அத்தியாயம் கட்டாயம் வையுங்கள். தானியங்கி வந்தவுடன் முதலில் மறந்துபோவது அதுதான்.

ஐ.எஸ்.ஓ. 27001 நிர்வாகத்துக்கானது, சான்றிதழ் கிடைக்கும். கந்தோர்க் கணினிகளுக்கு நல்லது. ஆனால் கந்தோரில் தகவல் வெளியே போகக்கூடாது என்பது முதல் கவலை, மின்நிலையத்தில் மெஷின் நிற்கக்கூடாது, ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்பது முதல் கவலை. அதனால்தான் எரிசக்திக் கம்பனிகளுக்கென்று 27019 என்று தனியாக ஒன்று எழுதவேண்டி வந்தது. நிஸ்ட் சட்டகம் அமெரிக்க அரசு நிறுவனம் எழுதிய வழிகாட்டி, 2024இல் 2.0 பதிப்பு வந்தது, யாரும் வந்து கேட்கமாட்டார்கள், சான்றிதழும் இல்லை. நிஸ் 2 ஐரோப்பியச் சட்டம், பெயர் ஒத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பெரிய சம்பவம் நடந்தால் 24 மணித்தியாலத்துக்குள் முதல் எச்சரிக்கை, 72 மணித்தியாலத்துக்குள் விவரம், ஒரு மாதத்தில் முழு அறிக்கை. மேல்மட்ட நிர்வாகிகளையும் பொறுப்பாளிகள் ஆக்குகிறது, எனக்கு அதில் மிகப் பிடித்தது அதுதான்.

நீங்கள் 62443இலிருந்து தொடங்குங்கள். அது கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. எல்லாவற்றையும் வலயங்களாகப் பிரி, வலயத்துக்கும் வலயத்துக்கும் நடுவே போகிற பாதையைக் காவல் செய் என்பது அதன் அடிப்படை. நம் ஊர்க் கணக்கில் வளவும் படலையும். கந்தோர் ஒரு வளவு, பிரேக்கரை இயக்குகிற கணினி இன்னொரு வளவு, நடுவில் ஒரே படலை, யார் போனார் யார் வந்தார் என்று தெரிய வேண்டும். எல்லா வளவுக்கும் ஒரே உயரத்தில் வேலி தேவையில்லை என்பதால் 1 முதல் 4 வரை பாதுகாப்பு மட்டம் வைத்திருக்கிறார்கள். 1 கைதவறுதலைத் தடுக்க, 4 ஒரு நாட்டின் வளத்தோடு வருகிறவனைத் தடுக்க. வேலையை அதில் செய்துவிட்டு, நிர்வாகத்துக்கு விளக்கும்போது நிஸ்ட்டின் ஆறு தலைப்புகளைப் பயன்படுத்துங்கள், அவர்களுக்கு அது புரியும்.

கேள்வி: மன்னார் காற்றாலைகளை யாராவது வெளிநாட்டிலிருந்து நிறுத்திவிட முடியுமா? இந்தச் சட்டங்கள் எங்களைக் காப்பாற்றுமா?
- வாசகர், பேசாலை

பதில்: மன்னாரில் உள்ள தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலை, 103.5 மெகாவாட். இப்படிப்பட்ட எந்த நிலையத்தையும் தூரத்திலிருந்து பார்க்கவும் பராமரிக்கவும் ஒரு தொடர்பு வேண்டும், ஆபத்து வருவதென்றால் அந்தத் தொடர்பால் வரும். 2022 பெப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த வேளையில், ஒரு செய்மதிச் சேவையின் மோடெம்களைச் செயலிழக்கச் செய்தார்கள். ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாமல் போனது. காற்றாலையை யாரும் தொடவில்லை, அவை தாமாகச் சுழன்றுகொண்டே இருந்தன. ஆனால் ஒன்று பழுதானால் ஆளை நேரில் அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

நேர்க் சிப்புக்கும் நிஸ் 2க்கும் இலங்கையில் சட்டபலம் இல்லை. நம்மிடம் உள்ள 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடந்த பிறகு குற்றவாளியைத் தேடுகிற சட்டம், ஒரு மின்நிலையம் எப்படிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லுகிற சட்டம் இல்லை. ஆகவே நம் கையில் உள்ள ஆயுதம் ஒப்பந்தம். கருவி வாங்கும்போதே, பராமரிக்க வருகிற கம்பனி 62443இன் சேவை வழங்குநர் பகுதிப்படி நடக்க வேண்டும், தூரத் தொடர்பை நாம் திறந்தால் மட்டும் திறக்க வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். வாங்கின பிறகு கேட்டால் எவனும் தரமாட்டான்.

கேள்வி: கடைக்கூரையில் 5 கிலோவாட் சோலர் பூட்டியிருக்கிறேன். எனக்கும் இந்த இணையப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு?
- கடைக்காரர், நெடுங்கேணி

பதில்: தொடர்பு இருக்கிறது அண்ணை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கும். கூரைகள் சேர்ந்தால் நாட்டின் கட்டமைப்பையே ஆட்டும் என்பதால்தான் கேட்டார்கள். சோலர் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேர்ட்டர், ஆயிரக்கணக்கான இன்வேர்ட்டர்களின் சாவி ஒரே கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்மையில் ஓர் இடத்தில் பார்த்தேன். இன்வேர்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் செலோடேப்பால் ஒட்டிய துண்டுக் காகிதம், நீலப் பேனா எழுத்து, பாஸ்வேர்ட் 123456. பூட்டிய பையன் எல்லா வீட்டுக்கும் இதையே போடுவானாம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நீங்கள் இன்றைக்கே போனில் இன்வேர்ட்டரின் அப்பைத் திறந்து பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள், பில் போடுகிற கணினியும் இன்வேர்ட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் இன்வேர்ட்டரை விருந்தினர் வைஃபைக்கு மாற்றுங்கள். அப்புறம் பூட்டியவரைக் கூப்பிட்டு, உங்கள் கணக்குக்குள் அவர் இன்னும் நுழையமுடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், பழுது பார்க்கும் நாளில் மட்டும் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள்.