வாசகர் கேள்வி – பதில்: விமான நிலைய ஹோட்டலும் விடியற்காலை வேனும்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் நான்கு மணி நேரம் ஆகும். வெளிநாட்டு விமானம், காலை 6.10-க்குக் கிளம்புகிறது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வரும் மாமியார் ஆக ஐந்து பேர். முந்தின இரவு பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்கிவிட்டு, காரை 12 நாள் அங்கேயே விட்டுப் போகலாம் என்று நினைக்கிறோம். தேடினால் எல்லா ஹோட்டலும் 'இலவச ஷட்டில், இலவச பார்க்கிங்' என்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகி

பதில்: விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலின் ரிசப்ஷனில் பல வருஷம் இரவுப் பணியில் நின்றவன் நான். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 6.10 என்ற நேரம்தான். அறை, படுக்கை, நீச்சல் குளம் எல்லாவற்றையும் பிறகு பாருங்கள். அன்றைய விடியற்காலையில் உங்கள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப ஒரு வேன் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். ஆக, நீங்கள் ஹோட்டல் வாசலை விட்டு மூன்று மணி சுமாருக்கே கிளம்ப வேண்டும். பல ஹோட்டல்களில் முதல் வேனே நான்கு மணிக்கு, சில இடங்களில் ஐந்து மணிக்குத்தான். இரவு பன்னிரண்டோடு சேவையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. விளம்பரத்தில் 'இலவச ஷட்டில்' என்று போட்டிருக்கும், நேரம் போட்டிருக்காது. '24 மணி நேரமும்' என்று போட்டிருந்தாலும், நள்ளிரவுக்குப் பிறகு நீங்கள் சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பாரா, அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே போகுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது இடம். ரிசப்ஷன் மேஜையில் ஒரு அட்டையில் தாள் செருகி வைத்திருப்போம். காலை வேனுக்குப் பெயர், அறை எண், ஆள் எண்ணிக்கை, டெர்மினல், எல்லாம் அதில் எழுத வேண்டும். பதினான்கு பேர் உட்காரும் வண்டி என்று சொல்வார்கள். ஆனால் குடும்பங்கள் கொண்டுவரும் பெரிய பெட்டிகள் பின் வரிசையை அடைத்துக்கொண்டால் பத்துப் பேருக்குமேல் ஏற முடியாது. விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருக்கிற ஹோட்டலாக இருந்தால் பைலட்டுகளும் பணிப்பெண்களும் அங்கேதான் தங்குவார்கள். அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விமானமே தாமதமாகும். அதனால் முதல் இடம் அவர்களுக்குத்தான். நான்கு மணி வேன் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போது, பெட்டிகளோடு வாசலில் நின்றுவிட்ட குடும்பங்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் தூங்கிப்போனவர்கள் இல்லை. தாளில் பெயர் எழுத வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனவே செக்-இன் செய்யும் அந்த நிமிஷமே, சாவி கைக்கு வருவதற்கு முன்பே, காலை வேனுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று ஹோட்டல் போடுவது பெரும்பாலும் அறையையும் லிஃப்டையும் வைத்துத்தான். வேனில் நாற்காலியை ஏற்றும் லிஃப்டோ சாய்தளமோ இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வேனின் படி உயரமாக இருக்கும். மாமியாரால் கைப்பிடித்து இரண்டு படி ஏற முடியுமா, முடியாதா என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். லிஃப்ட் வைத்த வண்டி எல்லா ஹோட்டலிலும் நிற்காது, முன்கூட்டிச் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை தேவைப்படும் வயது என்றால் அதையும் கேளுங்கள். பெரும்பாலான வேன்களில் இருக்காது.

உண்மையைச் சொன்னால், ஏற முடியாத நிலை என்றால் நான் வேனையே தவிர்க்கச் சொல்வேன். சில விமான நிலையங்களில் டெர்மினலோடு ஒட்டியே ஹோட்டல் இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் டெர்மினலுக்கு மூடிய நடைபாதை வழியாகவே போகிற சோஃபிடெல், டாலஸ் ஃபோர்ட்வொர்த்தில் டி டெர்மினலுக்குள்ளேயே இருக்கும் கிராண்ட் ஹயாத், வான்கூவரில் டெர்மினலுக்கு மேலேயே கட்டியிருக்கும் ஃபேர்மாண்ட் போன்றவை. நாற்காலியை உருட்டிக்கொண்டே கவுன்டருக்குப் போய்விடலாம். வாடகை கூடத்தான் இருக்கும், பார்க்கிங்கும் இலவசமாக இருக்காது. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முதியவரைத் தூக்கி ஏற்றி இறக்கும் சிரமம் இல்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம். இதில்தான் ஏமாற்றம் அதிகம். 'இலவச பார்க்கிங்' என்றால் பல இடங்களில் நீங்கள் அங்கே தங்கும் இரவுக்கு மட்டும் இலவசம். காலையில் அறையைக் காலி செய்த பிறகு நிற்கும் 12 நாளுக்கும் நாள் கணக்கில் வாங்குவார்கள், அல்லது நிறுத்தவே அனுமதிக்க மாட்டார்கள். வெளியூர் போகிறவர்களுக்கென்றே 'பார்க் அண்ட் ஃப்ளை' என்று தனி ரேட் வைத்திருப்பார்கள். ஒரு இரவு தங்கினால் 7 நாள், 14 நாள் என்று பார்க்கிங் சேர்த்துக் கொடுப்பது அது. அந்த ரேட்டில் பதிவு செய்தவருக்குத்தான் அந்தச் சலுகை. வேறு புக்கிங் தளத்தில் சாதாரண அறையைக் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு வந்து, 'உங்கள் வெப்சைட்டில் போட்டிருக்கிறதே' என்று கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. கையில் அதிகாரம் இல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நின்றவன் என்பதால் சொல்கிறேன். 'பார்க்கிங் வசதி உண்டு' என்பதும் 'இலவச பார்க்கிங்' என்பதும் ஒன்றில்லை என்பதையும் கவனியுங்கள்.

கார் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். சில ஹோட்டல்கள் சாவியை வாங்கிக்கொண்டு வேறு ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அது தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதமாகி 13-வது நாள் வந்தால் என்ன வாங்குவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஊர் திரும்பும் நாளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அன்று நீங்கள் அந்த ஹோட்டலின் விருந்தாளி இல்லை, உங்கள் கார் மட்டும்தான் அங்கே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து உங்களை அழைத்துவர வேன் வருமா, இரவு எத்தனை மணி வரை வரும் என்பதை உறுதி செய்யாமல் பதிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, இதையெல்லாம் பொதுவான வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்காதீர்கள். அந்த எண்ணை எடுப்பவர் வேறு எங்கோ உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படிப்பவர். ஹோட்டலின் நேரடி எண்ணுக்கு, இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலை வேனை அனுப்புகிறவரே அப்போது மேஜையில் இருப்பார், அவருக்கு மட்டும்தான் உண்மை நிலவரம் தெரியும். அவர் சொன்னதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் போய் இறங்குகிறேன். ஹோட்டல் வேன் வாசலில் வந்து நிற்கும் என்கிறார்கள். எந்த வாசலில் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர்

பதில்: 'வாசல்' என்பதே எல்லா விமான நிலையத்துக்கும் பொருந்தாது. நியூயார்க் ஜே.எஃப்.கே.யில் ஹோட்டல் வேனுக்காக டெர்மினல் வாசலில் காத்திருக்கக் கூடாது. ஏர்டிரெயின் ஏறி ஃபெடரல் சர்க்கிள் நிலையத்தில் இறங்கினால்தான் ஹோட்டல் வேனைப் பிடிக்கலாம். விமான நிலையத்துக்குள் அந்த ரயிலுக்குக் கட்டணம் இல்லை. இரவில் களைத்துப் போய், டெர்மினல் வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஹோட்டலுக்குக் கோபமாக போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த விவரம் தெரியாதவர்கள்தான்.

லண்டன் ஹீத்ரோவில் இன்னொரு விதம். சுற்றியுள்ள ஹோட்டல்களுக்குப் போகும் 'ஹோட்டல் ஹொப்பா' பேருந்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும். அமெரிக்காவில் விமான நிலைய ஹோட்டல் என்றால் சொந்த வேன் வைத்து இலவசமாக அழைத்துப்போவது சாதாரணம். அதே எதிர்பார்ப்போடு வேறு நாட்டில் போய் இறங்காதீர்கள்.

பெட்டி கைக்கு வந்த பிறகு போன் செய்யுங்கள். விமானம் தரையிறங்கியதுமே கூப்பிட்டால் வேன் வந்து, போலீஸ்காரர் நிற்க விடாமல் விரட்ட, சுற்றிக்கொண்டு திரும்பிப் போய்விடும். இறங்கும் ஊரில் உங்கள் சிம் வேலை செய்யாது என்றால் விமான நிலைய வைஃபை வழியாகப் பேச முடிகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வேன் இரண்டு மூன்று ஹோட்டல்களுக்குச் சேர்த்து ஓடுவதும் உண்டு. வண்டியில் உங்கள் ஹோட்டல் பெயர் இல்லையென்றாலும் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: ஒன்பது மணி நேரம் இடையில் காத்திருக்க வேண்டிய பயணம். இலவச வேன் இருக்கிறது என்பதற்காக வெளியே ஹோட்டல் எடுக்கலாமா, உள்ளேயே தங்குவதா?
— ஒரு வாசகி

பதில்: உள்ளேயே தங்குங்கள், இடம் கிடைத்தால். தோஹாவில் ஓரிக்ஸ், துபாயில் துபாய் இன்டர்நேஷனல் ஹோட்டல், ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் யோட்டெல்ஏர் ஆகியவை குடியேற்றப் பரிசோதனையைத் தாண்டாமலே தங்கக்கூடியவை. வெளியே போனால் விசா வேண்டியிருக்கலாம், திரும்பி வரும்போது மறுபடி பாதுகாப்புச் சோதனை, நடுவில் வேனுக்குக் காத்திருப்பு. ஒன்பது மணி நேரத்தில் நிம்மதியாகத் தூங்க ஐந்து மணி மிஞ்சினால் அதிகம்.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வெளியே வர வேண்டியிருக்கும், அப்போது வெளி ஹோட்டல்தான். அப்படி எடுத்தால், இரவு முழுவதற்கும் பணம் கட்டாமல் பகல் நேரத்துக்கு மட்டும் அறை தருகிறார்களா என்று கேளுங்கள். பல ஹோட்டல்கள் தருகின்றன, கேட்பவர்கள்தான் குறைவு.

கேள்வி: மூன்று வாரம் ஹோட்டலில் காரை நிறுத்திவிட்டுப் போகிறேன். எலெக்ட்ரிக் கார். சார்ஜ் முழுவதும் போட்டுவிட்டுப் போகவா?
— ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். நூறு சதவீதத்தில் பல நாள் நிற்க விடுவது பேட்டரிக்கு நல்லதில்லை, பாதி அளவில் விடுங்கள். நிற்கும்போதும் கேமரா மூலம் கண்காணிக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜைத் தின்னும். திரும்பி வந்த இரவு வீடு போய்ச் சேரச் சார்ஜ் போதுமா, ஹோட்டலில் சார்ஜர் இருக்கிறதா, அது அன்று காலியாக இருக்குமா என்று யோசித்து அளவை முடிவு செய்யுங்கள். சார்ஜர் பொருத்திய இடத்திலேயே மூன்று வாரம் காரை நிறுத்த விடமாட்டார்கள்.