பொம்மைகள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி மலருக்காக அமெரிக்க ஊமைப்படங்களின் தொடக்க காலம் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். எடிசனின் காப்புரிமை வழக்குகளுக்குப் பயந்துதான் படக்காரர்கள் நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கு ஓடினார்கள் என்று படித்தேன். உண்மையா? இணையத்தில் சில படங்களையும் பார்த்தேன். எல்லாரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுகிறார்கள். அன்றைய காமிரா அவ்வளவுதான் என்று பொறுத்துக்கொண்டு பார்த்து முடித்தேன்.

ர.

அன்புள்ள ர.,

நூறாண்டுக்கு முந்தைய படங்களை இந்த வயதில் தேடிப்போய்ப் பார்க்கிறீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி உண்மை, அதுவும் சின்னப் பாதி. 1908 டிசம்பரில் எடிசன், பயோகிராஃப் முதலிய நிறுவனங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டு அமைத்தன. புரொஜெக்டர் வைத்திருந்த அரங்கங்கள் வாரம் 2 டாலர் கட்ட வேண்டும். மீறியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. எல்லாம் சரி. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் போய் இறங்கியவர்கள் யார்? 1909இல் செலிக் நிறுவனம். 1910 ஜனவரியில் இயக்குநர் கிரிஃபித்துடன் பயோகிராஃப். இரண்டுமே அந்தக் கூட்டில் இருந்தவை. வழக்குப் போடுகிறவன் எதற்கு ஓட வேண்டும்? 1911 அக்டோபரில் ஹாலிவுட்டில் ஸ்டுடியோ திறந்த நெஸ்டர் கூட்டுக்கு வெளியே இருந்த நிறுவனம்தான். ஆனால் காப்புரிமை நாடு முழுவதற்கும் செல்லும். லாஸ் ஏஞ்சலிஸிலும் நீதிமன்றம் இருந்தது. வெயில், மலிவான நிலம், தொழிற்சங்கம் வலுவில்லாத ஊர், பக்கத்திலேயே கடலும் மலையும் பாலையும். இவற்றை முன்னால் வையுங்கள், எடிசனைக் கடைசியில் வையுங்கள். ‘ஊமைப்படம்’ என்ற சொல்லைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது ‘பொறுத்துக்கொண்டு’ என்ற சொல். சில நாட்களாக இதைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரைப் பொறுத்துக்கொண்டீர்கள்? நீங்கள் பார்த்தது அவர்கள் எடுத்த வேகமே அல்ல. பிற்காலத்தில் எவரோ தப்பாக ஓட்டியதற்கு எடுத்தவர்மேல் பழி போடுகிறீர்கள். கட்டுரை எழுதப்போகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். காமிராவின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃபிரேம், அதாவது அரை அடி நகரும். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 60 அடி. ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டர் என்ற சுழல்தட்டு பாதி வட்டம் திறந்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 1/32 விநாடி வெளிச்சம் விழும். கை களைத்து விநாடிக்கு ஒன்றரைச் சுற்றாகக் குறைந்தால் அது 1/24 விநாடி ஆகிவிடும், படம் வெளுத்துப்போகும். கை தடுமாறியது அப்படியே ஃபிலிமில் தெரியும். அதனால் ஒளிப்பதிவாளர் மனதுக்குள் எண்ணிக்கொண்டேதான் சுற்றினார். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார். நடிகர்களும் அதற்கேற்ப நிதானமாக அசைய வேண்டும். துரத்தல் காட்சியில் மெதுவாகச் சுற்றுவார்கள், நடிகர்கள் வழக்கம்போல் ஓடுவார்கள், அரங்கத்தில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது திரையில் வேகம் கூடும். எங்கே வேகம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்தே செய்தார்கள்.

‘அன்றைய காமிரா அவ்வளவுதான்’ என்பதும் தப்பு. 1894இல் நியூயார்க்கில் காசு கொடுத்துக் குனிந்து பார்த்த எடிசனின் கினெட்டோஸ்கோப் பெட்டிப் படங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 40 ஃபிரேமில் எடுக்கப்பட்டவை. 50 அடி ஃபிலிம் 20 விநாடியில் தீர்ந்துவிடும். ஃபிலிம் செலவை நினைத்துத்தான் பிறகு வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

அரங்கத்திலும் ஆபரேட்டர் கையால்தான் சுற்றினார். அவரால் ரொம்ப மெதுவாக ஓட்ட முடியாது. பின்னால் கார்பன் விளக்கின் சூடு, முன்னால் சட்டென்று தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம். வேகம் குறைந்தால் தீத்தடுப்பு ஷட்டர் தானாக விழுந்து ஒளியை மறைக்கும். வேகமாக ஓட்டவோ ஆசை காட்ட முதலாளி இருந்தார். 8000 அடிப் படம் நிமிடத்துக்கு 60 அடியில் 133 நிமிடம், 90 அடியில் 89 நிமிடம். மிச்சமாகும் முக்கால் மணி நேரம் அடுத்த காட்சிக்கு ஆகும். இப்படி அரங்கத்தில் வேகம் ஏற ஏற, காமிராவின் வேகமும் 1920களில் ஏறியது. ஆகவே எல்லாப் படத்துக்கும் 16 என்று எழுதிவிடாதீர்கள். 18, 20, 22 எல்லாம் உண்டு.

1920களின் கடைசியில் ஒலி வந்தது. வேகம் தள்ளாடினால் குரல் தள்ளாடும் என்பதால் விநாடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி என்று நிலைத்தது. பழைய ரீல்களையும் அதே இயந்திரத்தில் மாட்டினார்கள். 16இல் எடுத்தது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடியது. உங்கள் பொம்மைகள் அங்கே பிறந்தவை. ஒலித்தடத்துக்கென ஒதுக்கிய இடம் படத்தின் இடது ஓரத்தையும் தின்றது. சிலர் இதைச் சரிசெய்கிறோம் என்று இரண்டு ஃபிரேமை மூன்றாக அச்சிட்டார்கள். வேகம் சரியானது, அசைவு திக்கியது.

இயக்குநர் எட்வின் போர்ட்டரின் ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ (1903) எடிசன் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் 740 அடி. 60 அடிக் கணக்கில் 12 நிமிடம் 20 விநாடி, 90 அடியில் 8 நிமிடம் 13 விநாடி. உங்களிடம் இருக்கும் பிரதி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். எட்டு நிமிடம்தான் என்றால் வேகத்தை 0.75 ஆக்குங்கள், 18க்கு வந்துவிடும். அதற்கு முன் படத்தை நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்றில் ஒன்று முந்தையதன் நகலாக இருந்தால் அது ஏற்கெனவே இழுத்து நீட்டியது, கை வைக்காதீர்கள். வேகத்தைச் சோதிக்க நடிகரின் நடையைப் பார்த்துப் பயனில்லை, அவர் நிஜமாகவே விரைந்திருக்கலாம். தொப்பி மாதிரி கீழே விழும் பொருளைப் பாருங்கள், அது விழும் வேகத்தை எந்த நடிகராலும் கூட்ட முடியாது.

அந்தப் படத்தில் ரயிலிலிருந்து இறக்கிப் பயணிகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஒருவர் ஓடப் பார்ப்பார், சுட்டுவிடுவார்கள். அவர் விழுவதை 24இல் ஒருமுறையும் மெதுவாக்கி ஒருமுறையும் பாருங்கள். பிறகு கட்டுரையை எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.