வாசகர் கேள்வி-பதில்: மலையில் ஓட்டுவதற்குப் பழைய கார்

பழைய கார் வாங்குவதைப் பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோயம்புத்தூரில் எட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. முன்பணம் கொடுத்துவிடலாமா?
– வாசகர், குன்னூர்

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அவிநாசி சாலையில் ஓடும் காருக்குக் கிளட்சும் பிரேக்கும் ரேடியேட்டரும் தங்கள் முழு வலிமையைக் காட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. பாதி தேய்ந்த கிளட்ச் தட்டும் அங்கே குறையில்லாமல் வேலை செய்யும். உங்கள் காரோ நாள்தோறும் குன்னூரின் மேட்டில் நின்று கிளம்ப வேண்டியது. ஆகவே எரிபொருள் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லி, உரிமையாளரையோ தரகரையோ உடன் அழைத்துக்கொண்டு, கல்லாறிலிருந்து பர்லியார் வரையிலாவது ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

போகும் நேரம் முக்கியம். எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த விடியற்காலையில் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பதே நல்லது. தளர்ந்த டைமிங் செயினின் சலசலப்பும், வலுவிழந்த பேட்டரியின் திணறலும், இரவில் வால்வு சீல் வழியாகக் கசிந்து இறங்கிய ஆயில் எரிந்து வரும் நீலப் புகையும் முதல் சில நொடிகளில்தான் தெரியும். எஞ்சின் சூடேறிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறை தொடங்கிய காலத்தில், நண்பர் ஒருவருக்காக டீசல் ஜீப் ஒன்றை மேட்டுப்பாளையத்தில் உச்சி வெயிலில் பார்த்து, நல்ல வண்டி என்று சொல்லி வாங்க வைத்தேன். ஜனவரி மாதத்தில், தலைக்குந்தாவில் புல் வெளுக்க உறைபனி விழுந்த ஒரு காலையில், பேட்டரி தீரும் வரை செல்ஃப் அடித்தும் அது கிளம்பவில்லை. கழற்றிப் பார்த்தபோது குளிரில் டீசல் எஞ்சின் கிளம்ப உள்ளே சூடேற்றித் தரும் நான்கு குளோ பிளக்குகளில் மூன்று எரிந்துபோயிருந்தன. சமவெளி வெயிலில் அவற்றின் உதவி இல்லாமலேயே எஞ்சின் கிளம்பிவிடும் என்பதால், அந்தக் குறை என் கண்ணில் படவே இல்லை. நண்பர் என் வாக்கை நம்பிப் பணம் கொடுத்தவர் என்பதால், அந்தக் காலை இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஏற்றத்தில் முதலில் கிளட்சைப் பாருங்கள். மூன்றாம் கியரில் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தினால், எஞ்சின் சத்தமும் காரின் வேகமும் ஒன்றாக உயர வேண்டும். சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது; கருகிய வாடையும் வந்தால் அதை மாற்றாமல் மலையில் ஓட்ட முடியாது. அடுத்து, ஓரமாக நிறுத்திக் கிளட்ச் பெடலை மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் கரகரப்புக் கேட்டால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதைக் கிளட்ச் மாற்றும்போதே மாற்றிவிடலாம். பெடலை விட்டிருக்கும்போது கேட்கும் இரைச்சல் அழுத்தியதும் நின்றுவிட்டால், குறை கியர் பெட்டிக்குள் இருக்கிறது. அது பெரிய செலவு. ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் கேட்கும் இந்த இரண்டு சத்தங்களையும் பிரித்தறியத் தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர்.

மேலே ஏறியதும் எஞ்சினை உடனே அணைக்காமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கி, பின் தானாக நிற்க வேண்டும். வெப்பமுள் நடுவைத் தாண்டிப் போகக்கூடாது. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துவது அதன் மூடிதான். மூடியின் ரப்பர் தளர்ந்துபோன கார் கீழே பல காலம் தொல்லை தராமல் ஓடியிருக்கலாம். மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே, எஞ்சினை ஆற்றும் திரவமான கூலண்ட் பொங்கி வழியும். சூடாக இருக்கும்போது அந்த மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

ஏற்றத்தில் இழுவை குறைவாகத் தெரிவதை மட்டும் குறையாக எண்ண வேண்டாம். குன்னூரின் உயரத்தில் கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழப்பது இயல்பு.

இறக்கம் இன்னும் நன்றாகப் பேசும். இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தும்போது கியர் லிவர் தானாகவே நியூட்ரலுக்கு நழுவினால், அந்தக் கியர் பெட்டியைப் பிரித்து வேலை செய்ய வேண்டியிருக்கும். நீண்ட இறக்கத்தின் முடிவில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, பின்னால் வேறு வண்டியில் வரும் ஒருவரைச் சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும்.

பிரேக் போடும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் டிஸ்க் சமமாக இல்லை. மலை மேலே கெட்டியாக இருந்த பிரேக் பெடல் அடிவாரத்துக்கு வந்ததும் பஞ்சுபோல் அமுங்கினால், பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். டாட்-3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்குத் தர விதி கேட்பது 140 டிகிரிதான். தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கும்போது எழும் சூட்டில் அந்த ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பெடல் அமுங்கும் காரை அதற்குமேல் ஓட்டாமல் அங்கேயே ஓரங்கட்டி ஆறவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்டால், முன் ஆக்சில் முனையிலுள்ள ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பதைக் குனிந்து பார்த்தாலே தெரியும்.

கேள்வி: கோத்தகிரியிலேயே ஓடிய, ஒரே உரிமையாளரின் கார். பத்து ஆண்டில் 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. குறைவாக ஓடியது என்று நம்பி வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

மீட்டர் பொய் சொல்லாவிட்டாலும், அந்த எண்ணைச் சமவெளிக் கணக்கில் படிக்கக்கூடாது. சிறிய பெட்ரோல் கார் ஒன்று நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுற்றுகிறது என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 1,900 சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அதே கார் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 2,300 சுற்று என்று வைத்தாலும், ஒரு கிலோமீட்டருக்கு 5,500 சுற்றுக்குமேல் வருகிறது. ஆகவே மலையில் ஏறிய தொலைவை எஞ்சினைப் பொறுத்தவரை ஏறத்தாழ மூன்று மடங்காக எண்ணுங்கள். கிளட்சுக்கும் இரண்டாம் கியருக்கும் அதைவிடக் கூடுதலாகவே எண்ணலாம்.

எனவே இந்தக் காரில் எஞ்சினுக்கு முன்பாக இரண்டாம் கியரைச் சோதியுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைவாக இறக்கும்போது ‘கர்ர்’ என்று உரசினால், கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். மலையிலேயே பத்து ஆண்டு ஓடிய காருக்கு அது இருந்தால் நல்லது. மீட்டரையே திருத்தியிருக்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால், பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தையும் சர்வீஸ் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கையில் இருந்து, காலந்தவறாமல் ஆயில் மாற்றப்பட்ட மலைக் கார், பல கை மாறிய சமவெளிக் காரைவிட மேலானது என்பதே என் அனுபவம். மலையில் ஓடியது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: பார்த்துவைத்த காரில் காலையில் வெள்ளைப் புகை வருகிறது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய்போல் படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். குளிரில் இது வழக்கம்தான் என்கிறார் தரகர். யார் சொல்வது சரி?
– வாசகர், உதகை

இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. குளிர்ந்த காலையில் அது சைலன்சர் முனையில் வெண்புகையாகத் தெரிவது, நம் வாயிலிருந்து ஆவி வருவதைப் போன்றதுதான். அதேபோல், வீட்டிலிருந்து சேரிங் கிராஸ் வரை மட்டும் போய் வரும் காரில் எஞ்சின் முழுவதும் சூடேறாததால், உள்ளே குளிர்ந்து நீராகும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் வெண்ணெய்போல் படியும். குன்னூர் வரை ஒருமுறை போய்வந்தால் அந்தப் புகை நின்றுவிடும். மூடியைத் துடைத்துவிட்டு இரண்டு நீண்ட பயணங்களுக்குப் பின் பார்த்தால் படிவும் திரும்ப வந்திருக்காது.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெண்புகை அடர்த்தியாக, இனிப்பான வாடையோடு வந்தால், கூலண்ட் எரிகிறது என்று கொள்ளுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பாலேடுபோல் இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. இவை இரண்டும் இல்லையென்றால், ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் அடங்காமல் தொடர்ந்து குமிழிகள் வந்தால் மெக்கானிக் சொன்னதே சரி.

அவர் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னால் ஒரு செய்தியை அவரிடம் நினைவூட்டுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் அளவு பொதுவாகத் தாழ்வான நிலத்துக்கு உரியது. உதகையில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால், நல்ல எஞ்சினும் இங்கே அந்த அளவைக் காட்டாது. புத்தக எண்ணோடு ஒப்பிட்டு, குறையில்லாத எஞ்சினைப் பிரித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கக்கூடும்.

கேள்வி: சென்னைப் பதிவெண் கொண்ட கார், சந்தை விலையைவிட மிகக் குறைவாக வருகிறது. தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், கூடலூர்

தயக்கம் நியாயமானது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை என்பதால் சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துருவும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழை நாளில் கண்ணாடிகளை மூடிவைத்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், எத்தனை வாசனைப் பொருள் வைத்திருந்தாலும் பூஞ்சை வாடை தெரிந்துவிடும். வெள்ளம் புகுந்த காரின் ஒயரிங் இணைப்புகள், கூடலூரின் நீண்ட மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கெடும். அப்படிப்பட்ட காரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை என்கிறார்கள். அது போதுமா?
– வாசகி, அருவங்காடு

போதாது. பதிவான பிழைகளை அதே ஸ்கேனரால் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லையென்றால் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கக்கூடும். மலையில் ஓட்டிப் பார்த்துத் திரும்பிய பிறகு இன்னொரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் மலிவாக வருகிறது. கேத்தியிலிருந்து உதகைக்குப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவர மட்டுமே வேண்டும். வாங்கலாமா?
– வாசகர், கேத்தி

உங்கள் தேவைக்குப் பெட்ரோலே பொருந்தும். அந்த வகை டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேரும் கரி எரிந்து தீர, கார் நல்ல சூட்டில் தடையில்லாமல் சிறிது நேரம் ஓட வேண்டும். கேத்திக்கும் உதகைக்கும் இடையிலான குறுகிய ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பு வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு மிக அதிகம்.

கேள்வி: மலைக்கு எடுத்துச் செல்ல விற்பவர் மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகர், குன்னூர்

கீழேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சமதளத்தில், எதிரே ஆளில்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடச் சொல்லுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. ஒருமுறைக்குமேல் இதைச் செய்ய வேண்டாம். பிறகு உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் காரைத் தூக்கி, பிரேக் டிஸ்க்கையும் ஆக்சில் ரப்பர்களையும் பார்க்கச் செய்யுங்கள். பிரேக் ஆயில் மாற்றும் செலவை எப்படியும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பட்டறைக்குக் கொண்டுவரவும் மறுத்தால், அந்தக் காரை விட்டுவிட்டு வேறு கார் பாருங்கள்.