டிகின்டரில் (விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் பைதான் நூலகம்) எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதுகிறேன். பாப்-அப் மேல் பாப்-அப்பாக வருகிறது, கேன்சல் அழுத்தினாலும் போகவில்லை, பின்னால் ஒரு வெற்று விண்டோ நிற்கிறது. என்ன செய்வது?

மூன்றும் எனக்கும் நடந்தவைதான். அக்கா மகளுக்காக இதே விளையாட்டை பைதானில் எழுதினேன். 1 முதல் 100 வரை கணினி ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும், அவள் கண்டுபிடிக்க வேண்டும்.

கேன்சல் பிரச்சினையை முதலில் பார்ப்போம். பெட்டி திறந்து பதில் கேட்கும் ஆஸ்க்ஸ்ட்ரிங் (எழுத்து வாங்கும்), ஆஸ்க்இன்டிஜர் (முழு எண் வாங்கும்) இரண்டுமே கேன்சல் அழுத்தினால் ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத்தான் திருப்பித் தரும். அதை எண்ணாக மாற்றப் போனால் டைப்எரர் என்ற பிழை வரும். நீங்கள் வைல் லூப்புக்குள் ட்ரை போட்டு, எந்தப் பிழை வந்தாலும் கன்டினியூ என்று எழுதியிருப்பீர்கள். எழுத்தைத் தட்டினால் சமாளிக்கப் போட்ட அந்த வரி, கேன்சலையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அதனால்தான் பெட்டி மறுபடி மறுபடி வருகிறது. மதிப்பு வந்த உடனே ‘நன்’தானா என்று பார்த்து, ஆம் என்றால் லூப்பை விட்டு வெளியேறுங்கள். ஆஸ்க்இன்டிஜர் பயன்படுத்தினால் எழுத்து வந்தாலும் அதுவே எச்சரித்துத் திரும்பக் கேட்கும். மின்வேல்யூ (குறைந்தபட்சம்), மேக்ஸ்வேல்யூ (அதிகபட்சம்) கொடுத்தால் 1–100 எல்லையையும் அதுவே காத்துக்கொள்ளும்.

வெற்று விண்டோ டிகின்டரின் ரூட் விண்டோ, அதாவது முதன்மை விண்டோ. வித்ட்ரா போட்டு மறைக்கலாம். ஆனால் மறைத்தால் ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் டெஸ்ட்ராய் செய்யுங்கள். இல்லையென்றால் மெயின்லூப் (பட்டன், விசை அழுத்தல்களுக்காகக் காத்திருக்கும் டிகின்டரின் லூப்) ஓடிக்கொண்டே இருக்கும், மூடுவதற்குக் கண்ணுக்கு விண்டோவே தெரியாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் பெரிய குறை தெரிந்தது. அவள் 50 என்று தட்டி என்டர் அழுத்துவாள். ‘இன்னும் பெரிய எண்’ என்று பெட்டி வரும். படிப்பதற்குள் விரல் இன்னொரு முறை என்டரைத் தொட்டுவிடும், பெட்டி போய்விடும். “சித்தி, பெருசா சின்னதா, என்ன போட்டுச்சு?” என்று என்னைப் பார்ப்பாள். பாதி பாதியாகப் பிரித்து ஆடினால் 7 ஊகத்துக்குள் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம். கேட்பதற்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்றால் அந்த 7-க்கே 14 பெட்டி!

அதனால் அந்த வெற்று விண்டோவை மறைக்காதீர்கள், அதிலேயே ஆட்டத்தை வையுங்கள். எண்ணைத் தட்ட ஓர் என்ட்ரி, ஒரு பட்டன், குறிப்புக்கு ஒரு லேபிள். முன்பு தட்டிய எண்களைக் காட்ட இன்னொரு லேபிள் வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப உதவும்.

இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவார்கள்: வைல் லூப்பே வேண்டாம். மெயின்லூப்தான் இப்போது லூப். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஃபங்ஷன் ஒரு தடவை ஓடி, ஒப்பிட்டு, லேபிளை மாற்றிவிட்டு முடிந்துவிட வேண்டும். ரகசிய எண்ணும் ஊக எண்ணிக்கையும் அந்த ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கிளாஸில் வைப்பது நல்லது. உள்ளே வைத்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறிவிடும். என்டர் விசையையும் அதே ஃபங்ஷனோடு பைண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். பைண்ட் அந்த ஃபங்ஷனுக்கு ஓர் ஈவென்ட்டை (என்ன நடந்தது என்ற தகவலை) அனுப்பும், பட்டன் அனுப்பாது. ஆகவே அளவுருவை ‘ஈவென்ட் = நன்’ என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும்.

பாப்-அப்பை ஒரே இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கண்டுபிடித்ததும் ‘6 முறையில் பிடித்துவிட்டாய், இன்னொரு ஆட்டம்?’ என்று கேட்கும் ஆஸ்க்யெஸ்நோ. அங்கே ஆட்டம் நின்றே ஆக வேண்டும், பதிலும் வேண்டும். பேரன்ட் என்று உங்கள் விண்டோவைக் கொடுத்தால் பெட்டி அதன் மேலேயே திறக்கும். ஆம் என்றால் புது எண், எண்ணிக்கை சுழியம், லேபிள்கள் காலி. அப்புறம் என்ட்ரியை அழித்து ஃபோகஸ்_செட் போடுங்கள், மவுஸைத் தேடாமல் அடுத்த எண்ணை நேராகத் தட்டலாம்.