கணக்கு ஒன்று, பெருநாள் இரண்டு

கேள்வி: கிரகணத்தை விநாடி சுத்தமாகச் சொல்லும் காலத்தில், ரமலான் 29-ஆம் நோன்பு இரவு பிறை தெரிந்ததா என்ற காஜியின் அறிவிப்புக்காகப் பத்து மணி வரை காத்திருக்கிறோம். கணக்குப்படி மாதத்தைத் தொடங்கிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்து, எல்லோருக்கும் ஒரே நாளில் பெருநாள் வந்துவிடாதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: வராதும்மா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் நான் கணக்கின் பக்கம்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பேசுகிறேன். ஆனால் கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரல் 20-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவில் அன்று ரமலான் 29. நம் நேரம் காலை 9.43-க்கு அமாவாசை. அதை ஒட்டியே சூரிய கிரகணமும் வந்தது. இந்தோனேசியாவில் சூரியனை நிலா மறைத்ததைப் பலர் பார்த்தார்கள். ஆகவே நிலா எங்கே இருந்தது என்பதில் யாருக்கும் சண்டையே கிடையாது. அன்று சூரியன் மறையும் நேரத்தில் இந்தோனேசியாவில் எந்த ஊரிலும் பிறையின் உயரம் 3 டிகிரியைத் தொடவில்லை. இதையும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? அந்த நாட்டின் முஹம்மதியா என்ற பெரிய முஸ்லிம் அமைப்பு 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பெருநாள் கொண்டாடியது. அரசாங்கம் 22 சனிக்கிழமை என்றது. முஹம்மதியாவின் அப்போதைய விதிப்படி, சூரியன் மறைவதற்குள் அமாவாசை முடிந்து, மறையும்போது நிலா அடிவானத்துக்கு மேலே கொஞ்சம் இருந்தாலே போதும். கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அரசோ மலேசியா, சிங்கப்பூர், புருனேயுடன் சேர்ந்து வைத்துக்கொண்ட விதியைப் பார்த்தது: உயரம் 3 டிகிரி, சூரியனிலிருந்து விலகல் 6.4 டிகிரி. இரண்டு தரப்பும் கணக்குதான் போட்டன, விடையும் ஒன்றுதான். நாள் மட்டும் இரண்டு.

‘அமாவாசை எப்போது?’ என்பதற்குக் கணக்கில் ஒரே விடை. ‘மாதம் எப்போது தொடங்குகிறது?’ என்பதற்கு மனிதர்கள் ஒரு விதி வைத்தாக வேண்டும். துருக்கியில் ஒரு விதி. மக்காவை மையமாக வைத்த சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியில் இன்னொன்று: அங்கே அமாவாசை சூரியன் மறையுமுன் முடிந்து, சூரியனுக்குப் பின் நிலா மறைந்தால் மறுநாள் முதல் தேதி. முஹம்மதியாவும் 2025-இல் பழைய விதியை விட்டுவிட்டு, உலகில் எங்காவது 5 டிகிரி உயரமும் 8 டிகிரி விலகலும் கிடைத்தால் போதும் என்ற உலக நாட்காட்டிக்கு மாறிவிட்டது. எல்லோரும் ஒரே விதியில் கையெழுத்துப் போட்டால் உங்கள் ஆசை நிறைவேறும். அது வானியல்காரர் கையில் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், கணக்கை முதலில் வடிகட்டியாக வைக்க வேண்டும். நிலா சூரியனிலிருந்து சுமார் 7 டிகிரிக்குள் இருந்தால் வெறும் கண்ணுக்குப் பிறையே உருவாகாது என்று 1930-களில் பிரெஞ்சு வானியலாளர் தான்ஜோன் காட்டினார். 2023 ஏப்ரல் 20 அன்று மக்காவில் சூரியன் மறையும்போது அமாவாசை முடிந்து பதினொன்றரை மணி நேரம்தான்; அந்த 7 டிகிரி விலகல் வரவில்லை. ஆனாலும் பிறை பார்த்ததாகச் சிலர் சொல்ல, சவூதியில் 21-ஆம் தேதியே பெருநாள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அடிவானத்தில் வெள்ளிக் கிரகமும் மேகக் கீற்றும் எத்தனையோ நல்லவர்களை ஏமாற்றியிருக்கின்றன. ஆனால் சாத்தியமே இல்லாத நேரத்தில் வரும் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே இமாம் தகியுத்தீன் சுப்கி எழுதிவிட்டார். நவீன வாதம் என்று யாரும் பதற வேண்டாம்.

கேள்வி: தொழுகை நேரத்துக்குக் கடிகாரம் பார்க்கிறோம். பிறைக்கு மட்டும் கண்தான் வேண்டும் என்பது முரண்பாடு இல்லையா?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இதே கேள்வியை எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் 1939-இல் எழுப்பினார். ‘நாம் எழுதவும் கணக்கிடவும் அறியாத சமுதாயம்’ என்ற நபிமொழி அன்றைய நிலைமையைச் சொல்கிறது, நிலைமை மாறினால் வழியும் மாறலாம் என்பது அவர் வாதம். மறுப்பவர்கள் சொல்வதிலும் பலம் இருக்கிறது. தொழுகைக்கு நேரம் வந்தால் போதும். நோன்புக்கோ ‘பிறை பார்த்து வையுங்கள், பிறை பார்த்து விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாக நிறைவு செய்யுங்கள்’ என்று பார்ப்பதையே சொல்லியிருக்கிறது. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், தம்பி. இதில் தீர்ப்புச் சொல்ல நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை.

கேள்வி: அன்று பிறை தெரியுமா என்பதை வீட்டில் இருந்தே கணிக்க வழி உண்டா? கேரளாவில் மட்டும் எப்படி முந்திக்கொண்டு பார்த்துவிடுகிறார்கள்?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: சமையலறையில் தொங்கும் தினக்காலண்டரே போதும். ‘அமாவாசை காலை 9.43 வரை’ என்று திதி முடியும் நேரம் போட்டிருக்கும். நிலா சூரியனைக் கடக்கும் கணம் அதுதான். திருக்கணிதக் காலண்டராகப் பாருங்கள், வாக்கியப் பஞ்சாங்கத்தில் நேரம் பிசகும். அந்த நேரத்திலிருந்து மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை எத்தனை மணி என்று எண்ணுங்கள். 15-க்குக் கீழே என்றால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டாம். 24-க்கு மேலே என்றால் வானம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தெரியும். நடுவில் இருப்பதுதான் சிக்கல். நிலாவின் வேகம், உயரம், தூசி எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். மேலே சொன்ன ஏப்ரல் 20 அன்று நம் பக்கம் ஒன்பது மணி நேரம்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சனிக்கிழமைதான் பெருநாள்.

கோழிக்கோட்டுக்கும் காயல்பட்டினத்துக்கும் சூரியன் மறைவதில் கால் மணி நேரம்கூட வித்தியாசம் இருக்காது. அதற்குள் நிலா நகர்வது கொஞ்சம்தான். ஆனால் கோழிக்கோடு காப்பாட்டுக் கடற்கரையில் நிற்பவருக்கு மேற்கே வெறும் கடல். நம் காயல் கடற்கரை பார்ப்பது கிழக்கே. பிறைக்காக முதுகைத் திருப்பினால் வீடுகளும் தென்னையும்தான். ஊருக்கு மேற்கே வெட்டவெளியான மேடு எதுவோ, அங்கே போய் நின்று பாருங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடமாவது காத்திருங்கள்.