பசை ஒட்டாத பெட்டியும் இடுக்கில் நுழையும் மழையும்: கேள்வி பதில்

சாமான்களைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கும் முகாம் போடப் போகிறவர்கள், எல்லை தாண்டி மலேசியாவின் தேசாரு பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள், பெட்டிக்குள் மழை நுழையாமல் மூடியை அடைப்பது பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: அண்ணே, மூடி விளிம்பு முழுக்க சிலிக்கான் பசை பூசினேன். இரண்டு தடவை திறந்து மூடியதும் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்துவிட்டது. பசை மட்டமா?

பசை நல்லதுதான் தம்பி, பெட்டிதான் ஒட்டவிடாது. அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன், 2 என்றால் பாலிஎத்திலீன். சாமான் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான், இரண்டிலுமே கடையில் கிடைக்கும் சாதாரணப் பசை பிடிக்காது. அதனால் பசையை விடுங்கள், அழுத்தத்தை நம்புங்கள். கதவு இடுக்கில் ஒட்டுகிற ரப்பர் ஸ்பாஞ்ச் பட்டை ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், ஈபிடிஎம் என்கிற ரப்பர் வகையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்து, வெளியே எடுத்து மறுபடி பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வகை, நமக்கு உதவாது.

பட்டையை மூடியின் உள்பக்கப் பள்ளத்தில் வையுங்கள், ஓரத்தில் ஒட்டினால் நிற்காது. ஒட்டுவதற்கு முன் பள்ளத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, காயவிட வேண்டும். மூலையில் வெட்டாமல் வளைத்துக் கொண்டுபோங்கள். இரண்டு நுனியும் சேரும் இடம் நீளப் பக்கத்தின் நடுவில் வரட்டும், அந்த இடத்தில் பட்டையைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி நெருக்கித் திணித்துவிடுங்கள்.

பொங்கோலிலிருந்து: பட்டை ஒட்டியாச்சு. ஆனால் கிளிப் போட்டால் நடுவில் மூடி வில் மாதிரி வளைந்து எழும்புகிறது.

கிளிப் இரண்டு ஓரத்தில் மட்டும் இருக்கிற பெட்டி, சரிதானே? அதில் இப்படித்தான் வரும், அதுவும் பட்டை தடிமனாக இருந்தால் இன்னும் மோசம். பலரும் "தடியாக இருந்தால் நல்லா அடைக்கும்" என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். மூடும்போது பட்டை தன் தடிமனில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்து மூடி, கிளிப் போட்டு இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு. எங்கே சுலபமாக வழுக்கி வருகிறதோ அங்கேதான் மழை நுழையும். இருக்கிற பெட்டிக்கு, சூட்கேஸைச் சுற்றிக் கட்டுவோமே அந்த வார்ப்பட்டையை நடுவில் இறுக்கினால் ஓரளவு சரியாகும். புதிதாக வாங்குவதாக இருந்தால் நான்கு பக்கமும் கிளிப் உள்ளதாகப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தெம்பனிஸிலிருந்து: குளியலறையில் சோதித்தபோது ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. முகாமில் மட்டும் அடியில் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்ததா?

இல்லை. 40 லிட்டர் பெட்டிக் காற்றில் இருக்கிற ஈரம் மொத்தமும் தண்ணீரானாலும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஈரத் துண்டு எதையும் உள்ளே போடவில்லை என்றால், அது மழைத் தண்ணீர்தான். காரணம் வெயில். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் நம்மூர்ப் பிற்பகல் எப்படியிருக்கும்? வெயில் கொளுத்தும், திடீரென்று இடிமழை கொட்டும். வெயிலில் கிடந்த பெட்டிக்குள் காற்று 50 டிகிரிக்குப் போய், விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. மழை பட்டு 26 டிகிரிக்கு இறங்கும்போது அதே காற்று சுமார் 7 சதவீதம் சுருங்கும், அதாவது 40 லிட்டர் பெட்டி கிட்டத்தட்ட 3 லிட்டரை வெளியிலிருந்து இழுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் மூடி இடுக்கில் தண்ணீர் நின்றால் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். விலை கூடிய பெட்டிகளில் காற்றை மட்டும் விடும் சின்ன வால்வு இருப்பது இதற்காகத்தான். நம் பெட்டிக்கு வழி, நிழலில் வைப்பது, மேகம் கறுத்ததும் ஒரு தடவை திறந்து மூடுவது, மூடி மேல் தண்ணீர் தேங்காதபடி ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்ப்பது.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அக்கா: பருப்புப்பொடி, அப்பளம், பிஸ்கட் எல்லாம் நமத்துப்போகிறது. ஒரு கைப்பிடி அரிசி போட்டால் போதுமா தம்பி?

அரிசியைச் சமைக்க வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அது அவ்வளவாக ஈரம் இழுக்காது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடுங்கள், ஈரம் ஏறினால் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறுகிற வகை. நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கும், சாப்பாட்டுப் பக்கம் வேண்டாம். பச்சையாகிவிட்டால் மணிகளை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை பெரிய பெட்டியைத் திறந்தால் எதைப் போட்டும் பிரயோஜனமில்லை. பொடி வகைகளைச் சின்ன டப்பாக்களில் தனியாக அடைத்து, ஜெல்லையும் அதிலேயே போடுங்கள். உபினில் குரங்கும் காட்டுப்பன்றியும் உண்டு, சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டுமாவது வார்ப்பட்டை கட்டுங்கள்.

யீஷூனிலிருந்து: பட்டையில் வாஸ்லின் தடவலாமா?

வேண்டாம். பெட்ரோலியப் பொருள் பட்டால் ஈபிடிஎம் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவுங்கள். பட்டையே சிலிக்கானாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

பிடோக்கிலிருந்து: சாங்கி பாயிண்ட்டில் படகு ஏறும்போது பெட்டி கடலில் விழுந்தால்?

மிதக்கும். 40 லிட்டர் பெட்டியில் 15 கிலோ சாமான் இருந்தாலும் மிதக்கும், ஆனால் சாய்ந்தால் மூடி இடுக்கு தண்ணீருக்குள் போகும், நாம் ஒட்டிய பட்டை அதற்குத் தாங்காது. ஐபி 67 என்று போட்டிருக்கிற பெட்டிகள் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை. நாம் செய்வது மழைக்கு மட்டும். கைப்பேசி, கடப்பிதழ், மருந்து மூன்றையும் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பையில் போட்டு, அப்புறம் பெட்டிக்குள் வையுங்கள்.

அதே ஆள்: அடுப்பு கேஸ் டின்னும் அதிலேயே வைக்கலாமா?

கூடாது. கசிந்தால் வாயு உள்ளேயே தேங்கும், வெயிலில் சூடும் ஏறும். டின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். காற்றுப் போகிற வலைப்பையில் நிழலில் தொங்கவிடுங்கள்.

செங்காங்கிலிருந்து: வீட்டிலேயே எப்படிச் சரியாகச் சோதிப்பது?

உள்ளே டிஷ்யூவைப் பரப்பி, அதன் மேல் பாரத்துக்கு அரிசி மூட்டையோ தண்ணீர் பாட்டில்களோ வையுங்கள், காலிப் பெட்டியும் நிறைந்த பெட்டியும் ஒரே மாதிரி வளையாது. ஷவரை மேலிருந்து பத்து நிமிடம், பிறகு மூடி இடுக்கைக் குறிவைத்துப் பக்கவாட்டில் பத்து நிமிடம். திறப்பதற்கு முன் மூடியையும் விளிம்பையும் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் திறந்தால் மூடியிலிருந்து வழிவதும் டிஷ்யூவில்தான் விழும், ஒழுகாத பெட்டியும் ஒழுகியதாகக் காட்டும்.