தக்காளி அப்புறம், முதலில் கீரை

கேள்வி: சென்னை பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி போட்டு விற்கலாமா?

பதில்: போடலாம். ஆனால் தக்காளியில் தொடங்காதீர்கள். அது காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சந்தையில் விலை விழுந்துவிட்டால் உங்கள் தக்காளியை யாரும் சீந்தமாட்டார்கள். அதற்குள் பாதிப் பேர் மாடி ஏறுவதையே விட்டிருப்பார்கள். சிறுகீரை 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். அரைக்கீரையைப் பிடுங்காமல், அடியில் நான்கு விரல் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். விதை பொடி என்பதால் ஒரு பிடி மணலோடு கலந்து தூவுங்கள்; இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குப்பென்று முளைக்கும். விற்பனையை யோசிக்கும் முன் பன்னிரண்டு வீட்டிலும் வாரம் மூன்று நாள் கீரைக்கட்டு வாங்கும் காசு மிச்சமாகட்டும்.

செடி வைக்கும் பைகளில் வெறும் செம்மண் நிரப்பாதீர்கள், பாரம். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மண் கலந்தால் போதும். தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டக் கிட் கிடைத்தால் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் அதிலேயே வரும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல், சுவரோரமாக வையுங்கள். நீர் தேங்கி மேல்மாடி வீட்டுக் கூரை ஒழுகினால் அன்றோடு தோட்டம் முடிந்தது. அதனால் மேல்மாடிக் குடும்பம் ஒன்றையாவது முதல் நாளே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பைக் கட்டிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்; வாய்வார்த்தை போதாது.

தண்ணீர்தான் பெரிய பாடு. குடத்தைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி யார் ஏறுவது? அரிசி, காய்கறி கழுவிய நீரை மேல் இரண்டு மாடி வீடுகளில் வாளியில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். சோப்பு நீர் வேண்டாம். ஆர்ஓ கழிவு நீரும் வேண்டாம், உப்பு படியும்.

நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட தோட்டங்கள் பூச்சியால் கெடுவதைவிட சாவியால்தான் அதிகம் கெடுகின்றன. மாடிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் ஊருக்குப் போன வாரம் செடி காயும். இரண்டு சாவி வெட்டுங்கள். ஆளுக்கு ஒரு பை என்று பிரிக்காமல், தண்ணீர் ஊற்ற நாள்முறை போடுங்கள். அறுவடையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் இருக்கும்போது கட்டுக் கட்டாகப் பிரியுங்கள். மூன்று அறுவடை சண்டையில்லாமல் போனால், நாலு பையில் கத்தரி நாற்று வையுங்கள்.